மூன்று வாரமாக ஆணிதான் பிடுங்குகிறேன். இது தச்சு வேலை கற்பதா, வெறும் கூலியா?

வில்லிவாக்கம்_20:

எல்லோருக்கும் வணக்கம். பி.காம் இரண்டாம் வருஷத்தோடு நிறுத்திவிட்டேன். காரணம் பெரிய கதை, இங்கே வேண்டாம். மர வேலை கற்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே ஆசை. எங்கள் தெருவில் இருக்கும் ஒரு மேஸ்திரியிடம் சொன்னேன். "நாளைக்கு ஏழரைக்கு வந்துடு" என்றார். முகப்பேரில் ஸ்டில்ட் விட்டு நாலு மாடி எழும்புகிற ஒரு அபார்ட்மெண்ட். போன பிறகுதான் தெரிந்தது, அது சென்ட்ரிங் வேலை, அதாவது கான்கிரீட் ஊற்றப் பலகையும் தகடும் வைத்து அச்சுக் கட்டுவது. நான் மனதில் வைத்திருந்தது கதவு, ஜன்னல், கட்டில்.

மூன்று வாரம் ஆகிவிட்டது. கழற்றிப் போட்ட பலகையில் ஆணி பிடுங்குகிறேன், வளைந்த ஆணியை நிமிர்த்துகிறேன், தகட்டுக்கு ஆயில் தடவுகிறேன், ஜாக்கி (முட்டுக் கொடுக்கிற, திருகி உயர்த்தும் இரும்புக் குழாய்) தூக்குகிறேன். டீ வாங்க ஒரு நாளைக்கு மூன்று தடவை போகிறேன். ரம்பத்தை இன்னும் தொடவில்லை. கூலி 600 ரூபாய், சனிக்கிழமை பட்டுவாடா.

"நாம என்ன ஆசாரி வீட்டு ஆளுங்களா, உனக்கு எதுக்குடா இது" என்று அம்மா தினமும் கேட்கிறார். இங்கேயே இருக்கலாமா, ஐடிஐ சேரலாமா? சென்ட்ரிங் பழகியவன் அப்புறம் மர வேலைக்குப் போக முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

முட்டுக்கட்டை:

தம்பி, நான் சென்ட்ரிங்கில் இருபத்திரண்டு வருஷம். முதல் நாலு மாதம் நானும் ஆணிதான் பிடுங்கினேன். அப்போது எனக்கும் உன்னை மாதிரியே எரிச்சல்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், பதில் சொல். நீ ஆணி பிடுங்கிய பலகையில் எது பீம் பாட்டம் (அடிப் பலகை), எது பீம் சைடு, எது காலம் பாக்ஸ் (தூணுக்கான பெட்டி) என்று பார்த்தவுடன் சொல்வாயா? சைடு பலகையில் ஆணி எவ்வளவு இடைவெளியில் இருந்தது? தலை முழுசாக இறங்கியிருந்ததா, பிடுங்குவதற்கு வாகாகக் கொஞ்சம் வெளியே விட்டிருந்தார்களா? தெரிந்தவன் அடித்த ஆணி கழற்றும்போது ரெண்டு இழுப்பில் வந்துவிடும். தெரியாதவன் அடித்தது பலகையைப் பிளந்துகொண்டுதான் வரும். இதை எந்த மேஸ்திரியும் வாயால் சொல்லித் தர மாட்டார். அடுத்த தடவை ஷட்டரிங் பலகைகளைக் கழற்றும்போது ஒவ்வொரு பலகையும் எங்கிருந்து வந்தது என்று சொல்லிக்கொண்டே அடுக்கு.

இதையே சாக்காக வைத்து வருஷக்கணக்கில் பையன்களை ஆணி பிடுங்க வைக்கிற மேஸ்திரிகளும் இருக்கிறார்கள். நான் வைக்கிற அளவு இதுதான்: ஆறு மாதத்துக்குள் டேப்பும் பென்சிலும் உன் கைக்கு வர வேண்டும். ரம்பம் இல்லை. ரம்பம் பிடிக்க யாருக்கும் கை வரும். அளந்து கோடு போடுகிறவன் வேலைக்காரன், அவன் போட்ட கோட்டில் அறுக்கிறவன் ஹெல்பர். கோடு போட விடாத ஆளிடம் பத்து வருஷம் இருந்தாலும் நீ ஹெல்பர்தான்.

இழைப்பு_சுருள்:

முட்டுக்கட்டை அண்ணன் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. சென்ட்ரிங் வேறு, தச்சு வேறு. கான்கிரீட்டை ஏழு நாள், பதினாலு நாள் பிடித்து வைக்கிற பெட்டி செய்வது ஒரு வேலை. ஐம்பது வருஷம் நிற்க வேண்டிய கதவு செய்வது இன்னொரு வேலை. இரண்டுக்கும் சைட்டில் கார்பென்டர் என்று ஒரே பெயர் இருப்பதால்தான் இந்தத் தம்பி ஏமாந்திருக்கிறார்.

நான் பரம்பரை ஆசாரி. அப்பாவிடம் பழகினேன். முதல் எட்டு மாதம் உளி தீட்டியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. கல்லில் எண்ணெய் விட்டு, உளியின் சரிவு கல்லில் முழுசாகப் படிகிற மாதிரி வைத்து, மணிக்கட்டை ஆட்டாமல் தோளிலிருந்து தள்ள வேண்டும். பழகாத கை கல்லில் எட்டு வடிவில் தேய்க்கும்போதே மேலே தூக்கும், உளியின் வாய் கூர் போய் உருண்டுவிடும். தீட்டியானதும் அப்பா உளியைக் கட்டை விரல் நகத்தின் மேல் அப்படியே வைப்பார், அழுத்த மாட்டார். வழுக்கினால் திரும்பக் கல்லுக்குப் போ. நகத்தைக் கவ்வி நின்றால் சரி. ஒரு வார்த்தை பேச மாட்டார், உளியைத் திருப்பி நீட்டுவார். அவ்வளவுதான் பாடம்.

நகத்தைக் கவ்வுகிற உளி கிடைத்த பிறகுதான் கழுந்தும் துளையும், அதாவது ஒரு கட்டையின் முனையை இன்னொன்றின் துளைக்குள் இறக்குகிற இணைப்பு. கழுந்து துளைக்குள் கொட்டாப்புளியால் (மரச் சுத்தியல்) ரெண்டு தட்டுக்கு இறங்க வேண்டும். கையால் தள்ளியே இறங்கினால் தளர்வு, நாலு தட்டுக்கு மேல் போனால் நிலைக்கால் பிளக்கும்.

அம்மா கேட்டதற்கும் சொல்கிறேன். என் பட்டறையில் இப்போது மூன்று பேர். ஒருவன் திண்டிவனம் பக்கம், ஒருவன் ஒடிசா, ஒருவன் ராஜஸ்தான். ஒருவன்கூட எங்கள் ஆள் இல்லை. என் மகன் துரைப்பாக்கத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். அமாவாசைக்குப் பட்டறையை மூடுகிற வழக்கம் மட்டும் இன்னும் இருக்கிறது. அதற்கு ஒடிசாப் பையன்தான் முதலில் காலண்டர் பார்க்கிறான்.

முட்டுக்கட்டை:

கோபம் எதற்கு? ஆனால் பெட்டி என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டீர்கள். உங்கள் கதவு ஒரு நூல் தப்பினால் இழைத்துவிடலாம். என் முட்டு ஒன்று நழுவினால் ஆள் போய்விடும்.

தம்பிக்கு ஒரு விஷயம். சென்ட்ரிங்கில் கற்கிற மட்டமும் மூலையும் எங்கே போனாலும் சோறு போடும். மூலை எடுக்க 3, 4, 5: ஒரு பக்கம் மூன்று அடி, இன்னொரு பக்கம் நாலு அடி குறித்து, குறுக்கே ஐந்து அடி வந்தால் மூலை சரி. பெரிய ஹாலுக்கு 6, 8, 10 வைத்துக்கொள். சின்ன அளவில் எடுத்த மூலை தூரம் போகப் போக ஏமாற்றிவிடும்.

அப்புறம் டியூப் மட்டம். லேசர் எல்லாம் வந்துவிட்டது, இருந்தாலும் பழகிக்கொள். டியூபில் தண்ணீர் நிரப்பும்போது நடுவில் ஒரு குமிழிகூட இருக்கக் கூடாது. இருந்தால் இரண்டு முனையும் வேறு வேறு மட்டம் காட்டும், ஸ்லாப் ஒரு பக்கம் இறங்கிப் போகும். நான் முதல் வருஷம் இதில் மாட்டினேன். காலையில் நிரப்பிய டியூபை வெயிலில் போட்டுவிட்டு மத்தியானம் எடுத்து மட்டம் பார்த்தேன். உள்ளே குமிழி கட்டியிருந்ததைக் கவனிக்கவில்லை. முக்கால் அங்குலம் வித்தியாசம். ராத்திரி பதினொரு மணி வரை ஜாக்கியைத் திருகிக்கொண்டிருந்தோம்.

கியூப்_டெஸ்ட்:

சைட் இன்ஜினியர் பேசுகிறேன். மேலே "ஏழு நாள், பதினாலு நாள்" என்று போகிற போக்கில் சொல்லியிருக்கிறார்கள். தம்பி இதைத் தப்பாகப் பிடித்துக்கொள்ளக் கூடாது.

கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456:2000-இல் கணக்கு இருக்கிறது. தூண், பீம் சைடு மாதிரி செங்குத்துப் பலகைகளை 16 முதல் 24 மணி நேரத்தில் கழற்றலாம். ஸ்லாபுக்கு அடியில் முட்டு, இடைவெளி 4.5 மீட்டர் வரை என்றால் 7 நாள், அதற்கு மேல் 14 நாள். பீமுக்கு 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21 நாள். இதெல்லாம் சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட்டுக்கு, க்யூரிங் (தண்ணீர் விட்டு ஈரமாக வைப்பது) ஒழுங்காக நடந்தால். இப்போது வீட்டு வேலைகளில் பெரும்பாலும் வருவது பிபிசி, அதாவது போர்ட்லேண்ட் பொசோலானா சிமென்ட். அது மெதுவாக வலு ஏறும். ஆகவே ஏழாவது நாள் காலையில் கடப்பாரையோடு வந்து நிற்காதீர்கள்.

முட்டுக்கட்டை:

சார், ஏழாம் நாள் ஜாக்கியை அடுத்த சைட்டுக்கு அனுப்பு என்று போன் போடுகிறது யார்? நாங்களா? வாடகை ஓடுகிறது என்று உங்கள் பக்கத்து ஆட்கள்தான்.

கியூப்_டெஸ்ட்:

அது உண்மைதான், மறுக்கவில்லை. அதனால்தான் தம்பி மாதிரி ஆட்களுக்கே கணக்கு தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன்.

கழற்றுகிற வரிசையையும் கற்றுக்கொள். இரண்டு பக்கமும் பீம் தாங்குகிற ஸ்லாப் என்றால் நடுவிலிருந்து தொடங்கி ஓரத்துக்குப் போக வேண்டும். பால்கனி, சன்ஷேடு மாதிரி ஒரு பக்கம் மட்டும் பிடிப்புள்ளது என்றால் வெளி நுனியிலிருந்து தொடங்கி சுவர்ப் பக்கம் வர வேண்டும். மாற்றிச் செய்தால், அந்த கான்கிரீட் எந்த இடத்தில் இழுவை வரும் என்று கம்பி கட்டியிருக்கிறோமோ அதற்கு நேர் எதிரான இடத்தில் இழுவை வரும். விரிசல் அன்றைக்கே தெரியாமல் போகலாம்.

இன்னொன்று. ஓஎம்ஆர் பக்கம் உயர மாடிகளில் அலுமினியம் ஃபார்ம்வொர்க் வந்துவிட்டது, மைவான் என்பார்கள். எண் போட்ட பேனல், பின், ஆப்பு, சுத்தியல். சுவரும் ஸ்லாபும் ஒரே வார்ப்பு. அங்கே ரம்பத்துக்கு வேலையே இல்லை. நீ இருக்கிற மாதிரி நாலு மாடி வேலையில் இன்னும் பலகையும் தகடும்தான். கை பழக இதுதான் நல்ல இடம் என்பது என் கருத்து.

கருவி_பெட்டி:

மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டத்தில் சேரச் சொல்லுங்கள். பயிற்சி நாளுக்கு 500 ரூபாய், கருவி வாங்க 15,000. யாரும் இதைச் சொல்லவே இல்லையே?

கியூப்_டெஸ்ட்:

குடும்பத் தொழில் அடிப்படையில் இருக்கிறது என்று சொல்லித் தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் அதை இப்போதைய வடிவில் ஏற்கவில்லை. அதற்குப் பதில் கொண்டுவந்த கலைஞர் கைவினைத் திட்டத்துக்குக் குறைந்தது 35 வயது ஆக வேண்டும். தம்பிக்கு 20. பதினைந்து வருஷம் கழித்து இந்த இழையைத் தூசி தட்டி எடுக்கலாம்.

ஒன்பதரை_விரல்:

என் பெயரே சொல்லும். இடது கை ஆட்காட்டி விரல், மேல் கணு பாதி இல்லை.

நான் இன்டீரியர் பக்கம், பிளைவுட் வேலை. நம் ஊர் சைட்டில் டேபிள் ரம்பம் எப்படி இருக்கும் தெரியுமா? பிளைவுட்டில் ஒரு கோடு வெட்டி, நாலு அங்குல மார்பிள் கட்டரைத் தலைகீழாகத் திருகி, மர பிளேடு மாட்டி, சுவிட்சை நிரந்தரமாக ஆன் செய்து டேப் சுற்றியிருப்பார்கள். பிளேடை மறைக்கிற கார்டு கிடையாது. நிறுத்த வேண்டுமென்றால் பிளக்கைப் பிடுங்க வேண்டும். 2016, கடைசி நாள் வேலை, வீட்டுக்காரர் மறுநாள் பால் காய்ச்சுகிறார். லாஃப்ட் கதவுக்கு ஒரு சின்னத் துண்டு அறுத்தேன். பாதியில் பிளைவுட் பிளேடைக் கவ்விப் பின்னால் எகிறியது. கை முன்னால் போயிற்று. வலி தெரியவில்லை, துண்டு எங்கே விழுந்தது என்றுதான் தேடினேன்.

அதனால் சொல்கிறேன். சுற்றுகிற பிளேடு பக்கத்தில் கையுறை போடாதே, அது விரலையும் சேர்த்து இழுக்கும். கழுத்தில் துண்டு, லுங்கி எல்லாம் மிஷின் பக்கம் வேண்டாம். ஒரு சாண் நீளத்துக்குக் கீழே இருக்கிற துண்டைக் கையால் தள்ளாதே, தள்ள ஒரு கட்டை வைத்துக்கொள். சென்ட்ரிங்கில் இருக்கிறவரை உன் எதிரி ஆணிதான். கழற்றிய பலகையை ஆணி மேலே பார்க்கப் போடுகிற ஆளை அங்கேயே திட்டு, மேஸ்திரியாக இருந்தாலும் சரி. டிடி ஊசி (டெட்டனஸ் தடுப்பு) போட்டாயா?

எங்கள் சைட்டில் பாதிப் பேர் இந்திக்காரர்கள். நம் ஆள் அங்குலத்தை எட்டாகப் பிரித்து ஒன்றை நூல் என்பார். அவர்கள் அதே அளவை சூத் என்பார்கள். முதல் தடவை கேட்டபோது நாங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்புறம் ஒரு பையன்தான் சொன்னான், அதற்கும் அர்த்தம் நூல்தானாம். அளவு அதே, பெயரும் அதே. சிரித்ததற்கு அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தோம்.

சனிக்கிழமை_கணக்கு:

என் வீட்டுக்காரர் பர்னிச்சர் வேலை. கணக்கு எழுதுவது நான். தம்பி, யாரும் உங்களிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஒரு சின்ன நோட்டு வாங்கி, எந்தத் தேதி, எந்த சைட், எவ்வளவு கூலி, எவ்வளவு கையில் வந்தது என்று தினமும் எழுதுங்கள். கல்யாணமான புதிதில் ஒரு கான்ட்ராக்டர் பத்தொன்பது நாள் கூலியை நிறுத்தி வைத்துவிட்டு போனை அணைத்துவிட்டார். எத்தனை நாள் என்று கேட்டால் இவருக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அன்றிலிருந்து நோட்டு என் கையில்.

அந்த நோட்டு இன்னொன்றுக்கும் உதவும். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிய 18 வயது ஆகியிருக்க வேண்டும், முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 90 நாள் கட்டட வேலை பார்த்திருக்க வேண்டும். சென்ட்ரிங்காரரும் தச்சரும் அதில் வருவார்கள். விபத்துக்கு உதவி, பிள்ளைகள் படிப்புக்கு, அறுபது வயதில் ஓய்வூதியம். நீங்கள் மூன்று வாரம்தான் ஆகிறது, 90 நாள் முடிந்த அன்றே விண்ணப்பம் போடுங்கள். எங்கள் வீட்டில் இவர் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று ஏழு வருஷம் கடத்தினார்.

பெரிய தொகையாக அட்வான்ஸ் வாங்காதீர்கள். வாங்கினால் பிடிக்காத இடத்திலும் கழியும் வரை நிற்க வேண்டும். அம்மாவிடம் ஒரு தடவை நீங்கள் செய்த ஏதாவது ஒரு பொருளைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஒரு பலகைக் கட்டை போதும். அப்புறம் பேச மாட்டார்.

இழைப்பு_சுருள்:

ஐடிஐ பற்றிக் கேட்டிருந்தாய், விட்டுவிட்டோம். கார்பென்டர் பிரிவு ஒரு வருஷம், எட்டாவது பாஸ் போதும். எந்த ஐடிஐயில் இருக்கிறது என்று சேர்க்கைக் கையேட்டில் பார்த்துக்கொள், எல்லா இடத்திலும் இருக்காது. அங்கே படம் வரையவும் படிக்கவும் சொல்லித் தருவார்கள். அது என்னிடம் இல்லாதது. இன்றைக்கும் ஆர்க்கிடெக்ட் படம் கொண்டுவந்தால் என் பையனைக் கூப்பிடுகிறேன். ஆனால் ஈர மரம், அவசரப்படுகிற வீட்டுக்காரர் இதெல்லாம் அந்தப் படத்தில் இருக்காது.

ஒரு கதை சொல்கிறேன், என் தப்புதான். நங்கநல்லூரில் ஒரு வீடு, நவம்பர் மாதம், பத்து நாளாக மழை. கதவு இறுக்கிப் பிடிக்கிறது என்று கூப்பிட்டார்கள். போய்க் கழற்றி, ஒரு பக்கம் ரெண்டு நூல் இழைத்து மாட்டினேன். வெண்ணெய் மாதிரி மூடியது, வீட்டம்மா காபி கொடுத்தார். மே மாதம் போன் வந்தது: "மூடின கதவு வழியா ஹால் தெரியுதுங்க." மரம் ஈரம் குடித்தால் அகலத்தில்தான் ஊதும், நீளத்தில் அல்ல. மழையில் ஊதியதை இழைத்தால் வெயிலில் இளைத்துக் காட்டிக்கொடுக்கும். இது எனக்குத் தெரியாததா? தெரியும். நிற்க வைத்துக் கேட்டார்கள், மறுக்கக் கூச்சம். சொந்தச் செலவில் ஒரு தேக்குச் சட்டம் ஒட்டிக் கொடுத்தேன்.

வில்லிவாக்கம்_20:

ஒரு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். டிடி ஊசி போட்டாயிற்று (அண்ணன் கேட்டதற்கு அடுத்த நாள்தான் ஆணியும் ஏறியது, அவர் வாய் முகூர்த்தம்). நோட்டும் வாங்கிவிட்டேன்.

முட்டுக்கட்டை அண்ணன் சொன்னபடி, முதல் மாடி ஷட்டரிங் கழற்றியபோது ஒவ்வொரு பலகைக்கும் பெயர் சொல்லிக்கொண்டே அடுக்கினேன். பக்கத்தில் இருந்தவர்கள் "இவனுக்கு வெயில் ஏறிடுச்சு" என்றார்கள். மேஸ்திரி ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் இரண்டாவது மாடிக்கு ஒரு பலகை தேடினார்கள். நான் "அது மாடிப்படி பக்கத்து பீம் பாட்டம், அடியிலிருந்து நாலாவது" என்றேன். எடுத்துப் பார்த்தால் அதேதான். திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் டேப்பை என் பக்கம் வீசினார். டேப் நுனிக் கொக்கி வளைந்திருந்ததால் "ஒரு இன்ச் விட்டுப் பிடி" என்றார். பிடித்தேன். 11 அடி 4 அங்குலம் பார்த்துக் கோடு போட்டேன், அறுத்தார்கள். விட்டுப் பிடித்த அந்த ஒரு அங்குலத்தைக் கூட்டிக்கொள்ள மறந்துவிட்டேன். பலகை தூக்கி வைத்தபோது ஒரு அங்குலம் குறைவு. எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். எனக்குக் காது சுட்டது.

மேஸ்திரி அந்தப் பலகையை இறக்கச் சொன்னார். சுற்றிப் பார்த்து, பின்பக்கத்தில் இருக்கிற சின்ன பீமுக்கு அதை ஒதுக்கி, அளவை அதன் மேலேயே எழுதினார். எழுதி முடித்ததும் பென்சிலைத் தன் காதில் வைக்காமல் என் காதில் செருகிவிட்டுப் போய்விட்டார். டேப்பும் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

அந்த அறுத்த துண்டில் அம்மாவுக்குத் தேங்காய் துருவும்போது உட்கார ஒரு பலகைக் கட்டை செய்தேன். கொஞ்சம் ஆடுகிறது. "ஒரு கால் குட்டைடா" என்றார், ஆனால் அதில்தான் உட்காருகிறார்.

ஐடிஐ அடுத்த சேர்க்கையில் போடலாம் என்று இருக்கிறேன், அதுவரை இங்கேதான். நாளை ராத்திரி இரண்டாவது மாடி கான்கிரீட். மேலே ஊற்றும்போது மேஸ்திரியோடு கீழே முட்டு பார்க்க என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்.

இழைப்பு_சுருள்:

குட்டைக் காலை வளர்க்கப் பார்க்காதே, மற்ற மூன்றையும் குறை. தரை மட்டமான இடத்தில் வைத்துக் கோடு போடு.

முட்டுக்கட்டை:

சாயங்காலமே ஒவ்வொரு ஜாக்கியையும் கையால் தட்டிப் பார்த்துவிடு. பாரம் ஏறியதும் ஏறாததும் சத்தம் வேறு மாதிரி இருக்கும். ராத்திரி அந்த சத்தத்துக்குத்தான் காது கொடுக்க வேண்டும். ஆப்பும் சுத்தியலும் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். மேஸ்திரி வெளியே வா என்றால் ஏன் என்று கேட்காதே, ஓடு. ஹெல்மெட் போட்டுக்கொள். செல்போன் டார்ச்சை நம்பாதே, தனி டார்ச் எடுத்துப் போ, பேட்டரி புதுசாகப் போடு.